கேதாரநாதர் இறங்கி வரும் காலம்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் இல்லங்களில் பூஜைக்கோ சிராத்தத்துக்கோ சங்கற்பம் செய்யும்போது, சரத் ருது என்று பருவத்தின் பெயரைச் சொல்லுகிறோம். சரத் என்றால் மேகம் கலைந்த வானம், தெளிந்த நீர், வெண்ணிலவு. வெளியிலோ அடைமழை பெய்துகொண்டிருக்கும். வந்த சாஸ்திரிகளின் குடை திண்ணையில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். தமிழர் இவ்விரு மாதங்களுக்கும் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். நம் மண்ணுக்கு அதுவே பொருந்தும். அப்படியானால் சங்கற்பத்தில் வரும் அந்தச் சரத் எங்கே இருக்கிறது என்று இளமை முதலே அடியேனுக்கு ஓர் ஐயம் உண்டு. வேதம் வாழ்த்தும்போதுகூட நூறு வருடம் என்று எண்ணாமல் நூறு சரத் என்றே எண்ணுகிறது. ஒரு பருவத்தைக் கொண்டு மனிதரின் ஆயுளையே அளக்க வேண்டுமென்றால் அந்தப் பருவத்துக்கு ஏதோ ஒரு சிறப்பு இருந்தாக வேண்டும் அல்லவா?

2024-ஆம் ஆண்டு ஐப்பசியில், இமயத்தின் கர்வால் மலைநாட்டில் மந்தாகினி நதிக்கு மேலே இருக்கும் ஊகிமடம் என்னும் சிற்றூரில், அடியேனும் என் துணைவியாரும் பத்து நாட்கள் தங்கினோம். அங்கேதான் சரத் ருதுவை முதன்முதலாக நேரில் கண்டோம்.

ஊகிமடத்துக்குப் போனதற்குக் காரணம் பருவம் அன்று; என் துணைவியாரின் இருதயம். கேதாரநாதம் போக வேண்டும் என்பது அவருக்கு நெடுநாளைய வேண்டுதல். வங்கி வேலையில் மாற்றல், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் திருமணம் என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பணி ஓய்வு பெற்றுப் பயணத்துக்குப் பணமும் நேரமும் கைக்கு வந்தபோது இருதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டி வந்தது. கேதாரம் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘அவ்வளவு உயரம் வேண்டாம் அம்மா, ஹெலிகாப்டரில் போனாலும் அங்கே காற்று அதே காற்றுதான்’ என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் பூஜை அறையில் இருந்த கேதாரநாதரின் படத்தை மட்டும் துடைக்கும்போது கை சற்று நேரம் அங்கேயே நிற்கும்.

எங்கள் ஊர்ச் சிவாலயத்து ஓதுவாரிடம் ஒரு நாள் இதைச் சொல்ல நேர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே, “சம்பந்தப் பிள்ளையாரே கேதாரத்துக்கு ஏறவில்லையே அம்மா! காளத்தியில் நின்றுகொண்டு அல்லவா திருக்கேதாரப் பதிகம் பாடினார்? சுந்தரரும் அப்படியே. நடந்தவர்களுக்கு மட்டும் என்று சுவாமி எங்கே சொன்னார்?” என்றார். அதோடு நில்லாமல், பனிக்காலத்தில் கேதாரநாதர் மலையிலிருந்து இறங்கி ஊகிமடத்தில் எழுந்தருளியிருப்பார் என்ற செய்தியையும் அவர்தாம் சொன்னார். பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்கள் ஐந்தில் ஒன்றின் நாயகர், ஆண்டில் பாதி நாட்கள் ஏற்காட்டைக் காட்டிலும் சற்றுத் தாழ்வான, சுமார் 1,300 மீட்டர் உயரமுள்ள ஓர் ஊரில் தரிசனம் தருகிறார் என்பது அத்தனை ஆண்டுகள் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

மருத்துவர் அந்த உயரத்துக்குச் சம்மதித்தார். தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மறுநாள் புறப்பட்டோம்.

ரிஷிகேசத்திலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. எழுபது கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுவே. வங்கிப் பணியில் வடக்கே மூன்றாண்டு இருந்தபோது ஓர் ஆவணி மாதம் இவ்வூர் வரை வந்திருக்கிறேன். அன்று அலகநந்தாவும் பாகீரதியும் சேற்று நிறத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. படித்துறையில் சங்கிலியைப் பற்றிக்கொண்டு தலையில் நீர் தெளித்துக்கொள்ளவே அச்சமாக இருந்தது. இப்போது அதே நதிகள் பச்சை மணியும் நீல மணியும் கரைத்து விட்டாற்போல அடங்கி ஓடின. துறையின் கீழ்ப்படிகள் நீருக்கு மேலே தெரிந்தன. கூழாங்கற்களை எண்ணலாம். ‘தெளிந்த நீர்’ என்ற சரத் லட்சணத்தில் முதலாவது இங்கேயே நிறைவேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ருத்ரப்பிரயாகையில் அலகநந்தாவை விட்டு மந்தாகினியின் கரைக்குத் திரும்ப வேண்டும். சிறிது தூரத்தில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர். அகத்தியருக்கு அங்கே கோயில் இருக்கிறது. தென்திசை நோக்கிப் புறப்பட்ட முனிவரின் பெயரால் ஓர் ஊர் இமயத்தில் இருப்பதைப் பார்த்தபோது, பொதிகைக்கும் அவ்விடத்துக்கும் இடையிலுள்ள தூரம் மனத்தில் குறைந்துவிட்டது. வண்டியோட்டி காத்திருந்தார், ஆகவே கும்பிட்டுவிட்டு ஏறினோம். நவம்பர் 3-ஆம் தேதி மாலை ஊகிமடம் சேர்ந்தோம். அன்று காலையில்தான் மேலே கேதாரநாதத்தில் நடை சார்த்தியிருந்தார்கள்.

தீபாவளி அமாவாசைக்கு அடுத்து வரும் துவிதியை நாளில் நடை சார்த்துவது அங்கே மரபு. வடக்கே அதைப் பாயீ தூஜ் என்பார்கள். யமன் தன் தங்கை யமுனையின் வீட்டுக்கு விருந்துக்கு வந்த நாள். சுயம்பு லிங்கத்தைத் திருநீற்றாலும் மலர்களாலும் மூடிச் சமாதி பூஜை செய்து, கதவடைத்து முத்திரையிடுகிறார்கள். பின்பு ஐந்து முகங்கள் கொண்ட உற்சவ மூர்த்தி பல்லக்கில் ஏறுகிறார். டோலி என்று அதைச் சொல்லுகிறார்கள். முதல் இரவு ராம்பூரில் தங்கல். இரண்டாம் இரவு குப்தகாசி விசுவநாதர் கோயிலில். மூன்றாம் நாள் ஊகிமடம் ஓம்காரேசுவரர் கோயில். ஆகவே எங்களுக்கு நடுவில் ஒரு முழு நாள் கிடைத்தது. அந்த நாளில்தான் அந்தப் பள்ளத்தாக்கின் சரத் காலம் என்னவென்று புரியத் தொடங்கியது.

விடியற்காலையில் கதவைத் திறந்தால் வடக்கே சௌகம்பா சிகரம். 7,138 மீட்டர் உயரமுள்ள வெள்ளி மலை. நான்கு தூண்கள் போன்ற உச்சிகள் உள்ளதால் அந்தப் பெயர். மழைக்காலத்தில் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியும் அதைப் பார்க்காமல் திரும்புவார்களாம். இப்போது ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. முதலில் உச்சி மட்டும் செந்நிறமாயிற்று. பிறகு அந்தச் செம்மை மெல்ல மெல்லக் கீழே வழிந்து, ஏழு மணிக்குள் மலை முழுவதும் வெண்மையாகிவிட்டது. என் துணைவியார் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டே கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் கையை வெளியே எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் ஓர் அம்மையார், அறுபதைத் தொட்டவர். யாத்திரை காலத்தில் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவர். என்னைப் ‘பாபூஜி’ என்றும், முதல் நாளிலேயே என் துணைவியாரைத் ‘தீதி’ என்றும் அழைத்தார். தீதி என்றால் அக்கா. அவருடைய முற்றத்தைப் பார்த்ததும் என் துணைவியார் கிராமத்துப் பெண்ணாகிவிட்டார். பாய்களில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. அதை அவர்கள் மண்டுவா என்கிறார்கள். அதன் பக்கத்தில் ஜங்கோரா. கையில் எடுத்துப் பார்த்தால் நம் குதிரைவாலியேதான். கஹத் என்று அவர் காட்டியது கொள்ளு. கூரைக் கற்பலகைகளின் மேல் மஞ்சள் பூசணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இறவாரத்தின் கீழே மக்காச்சோளக் கதிர்கள் சரமாகத் தொங்கின. சுவரோரம் சிவந்த கீரைத்தண்டுக் கதிர்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் பொடி மணிகள்தாம் வடக்கே விரத நாட்களில் லட்டு பிடிக்கும் ராம்தானா.

பன்னிரண்டு தானியங்களைக் கலந்து ஒரே வயலில் விதைக்கும் பழக்கம் இங்கே தொன்மையானது. பாரனாஜா என்று அதற்குப் பெயர். கேழ்வரகு முன்னே, கொடியேறும் பயறுகள் அதைப் பற்றிக்கொண்டு பின்னே. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று சோறு போடும். மானாவாரி நிலத்துக்கு இதைவிடச் சிறந்த காப்புறுதி இல்லை. வேளாண் கடன் விண்ணப்பங்களில் ஒரு பயிர், ஒரு தொகை என்று முப்பது வருடம் எழுதி வந்தவன் நான். இந்த வயலை எந்தப் பத்தியில் நிரப்புவது என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

அன்று மதியம் கேழ்வரகு ரொட்டி, அதன் மேல் உருகும் நெய், ஒரு துண்டு வெல்லம், கொள்ளுப் பருப்பு. மாலையில் பால் விட்டுக் காய்ச்சிய குதிரைவாலிப் பாயசம். “இதைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தோம்? எங்கள் பாட்டி வீட்டில் இதேதானே!” என்று என் துணைவியார் சொன்னார். நான் அதை இந்தியில் சொன்னதும் அந்த அம்மையார், “அப்படியானால் தீதி பிறந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்” என்றார்.

மலைச்சரிவுகளில் பெண்கள் அரிவாளுடன் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பனி விழுந்துவிட்டால் மாட்டுக்குப் புல் கிடையாது. ஆகவே ஐந்து மாதத் தீவனத்தை இப்போதே சேர்க்க வேண்டும். அறுத்த புல்லைத் தரையில் போடாமல் மரக்கிளைகளில் வைத்துக் கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரமே முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செங்குத்தான சரிவில் கால் வைக்க இடமில்லாத இடத்தில் நின்று அறுக்கிறார்கள். அந்த அழகுக்கு விலை அவர்களுடைய முதுகு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வசந்தத்தில்தான் மரங்கள் பூக்கும் என்பது நம் எண்ணம். இங்கே பய்யா என்றொரு மரம், மற்ற மரங்கள் இலை உதிர்க்கும் வேளையில், ஐப்பசி கார்த்திகையில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. காட்டுச் செர்ரி வகை. கர்வால் மக்களுக்கு அது தெய்வ மரம். குளிருக்கு முன்னே தேனீக்களுக்குக் கிடைக்கும் கடைசி விருந்தும் அதுதான். அதன் கீழே நின்றால் மரமே ஓங்காரம் சொல்லுவது போல ரீங்காரம் கேட்கிறது.

இவையெல்லாம் அந்தப் பருவத்தின் மேற்புறம். உள்ளே இருப்பது வேறு. சித்திரை, வைகாசியில் கேதார நடை திறந்ததும் இப்பள்ளத்தாக்கின் ஆடவர் மேலே போய்விடுகிறார்கள். பூசகர், கடைக்காரர், மட்டக்குதிரை ஓட்டுபவர், முதியோரைக் கூடையில் சுமப்பவர் என்று பலர். 2024 யாத்திரை காலத்தில் கேதாரத்துக்கு வந்த அடியார்கள் பதினாறு லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரையும் தாங்குகிற தோள்கள் இந்தக் கிராமங்களின் தோள்களே. ஆறு மாதம் வீட்டில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும். நடை சார்த்தியதும் சுவாமி இறங்குகிறார். அவரோடு அத்தனை பேரும் இறங்குகிறார்கள். உயரத்துப் புல்வெளிகளிலிருந்து ஆட்டு மந்தைகள் அதற்கு முன்பே இறங்கிவிட்டன. சரத் என்பது அங்கே வீடு திரும்பும் காலம். தானியம் வீட்டுக்கு வருகிறது, ஆடு வருகிறது, ஆண் வருகிறான், ஆண்டவனும் வருகிறான்.

நவம்பர் 5-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே கடைத்தெரு பூத்தோரணம் கட்டிக்கொண்டது. ஓம்காரேசுவரர் கோயிலின் மர வேலைப்பாடுள்ள வண்ண முகப்பு முழுவதும் சாமந்தி. பாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணன் பேரன் அநிருத்தனுக்கும் திருமணம் நடந்த இடம் இது என்பது தல வரலாறு. உஷையின் மடம் என்பதே மருவி ஊகிமடம் ஆயிற்றாம். கோயிலில் பஞ்ச கேதார மூர்த்திகளையும் ஒருங்கே தரிசிக்கலாம். இன்னொரு வியப்பு, அங்கே காதில் விழுந்த கன்னடம். கேதாரநாதத்தின் தலைமைக் குருவான ராவல், கர்நாடகத்து வீரசைவ ஜங்கம மரபினர். அவருடைய பீடம் ஊகிமடத்தில்தான் இருக்கிறது. பதரிநாதத்தின் ராவல் கேரளத்து நம்பூதிரி. இமயத்தின் இரு பெரும் கோயில்களும் தெற்கத்தியரின் கையில் இருப்பதை நினைத்தால், நாடு ஒன்று என்பதற்கு வேறு சொற்பொழிவு தேவையில்லை.

முதலில் கேட்டது தோலும் தமாவும். பெரிய முரசும் சிறிய முரசும் ஜோடியாக அதிரும். பிறகு நீண்ட கொம்புகள். அதன் பின்னே இராணுவத்தின் வாத்தியக் குழு. கூட்டம் ‘ஜெய் பாபா கேதார்’ என்று முழங்கியது. வளைவில் டோலி திரும்பியபோது, பட்டும் மலரும் மூடிய சிறிய பல்லக்கு, தோள்களின் மேல் ஓர் ஓடம் போல ஆடி ஆடி வந்தது. எங்கள் ஊர்த் தேரைப் போலப் பெரிதன்று. ஆனால் வீட்டு வாசல்தோறும் பெண்கள் தட்டில் நெல்லும் பூவும் வைத்துக்கொண்டு, மணமகனை வரவேற்பதைப் போல மங்கலப் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார்கள்.

என் துணைவியார் அதிகம் பேசுகிறவர் அல்லர். டோலி எங்களைக் கடந்தபோது நான்கு அடி தூரம்தான் இருக்கும். அவர் கைகூப்பவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “என்னங்க, இவர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், பாருங்கள்” என்றார்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மையாரைக் கவனித்தேன். பாட்டு நின்றிருந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவராகவே சொன்னார். அவருடைய கணவருக்குக் கேதாரத்தில் பூஜைப் பொருள் கடை இருந்தது. 2013 ஜூன் மாதம் மந்தாகினி பெருகிய அந்த நாளில் அவர் மேலே இருந்தார். இந்தப் பள்ளத்தாக்கின் பல கிராமங்கள் அன்று தம் ஆண்மக்களை இழந்தன. உடல்கூடக் கிடைக்கவில்லை. “அந்த வருஷம் சரத்தில் பாபா வழக்கம் போல இறங்கி வந்தார், பாபூஜி. எங்களவர்தான் வரவில்லை. முதல் இரண்டு வருஷம் நான் வாசலுக்கே வரவில்லை. உன் டோலியைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்கிறதே, என் மனிதரைத் தூக்கிக்கொண்டு வர ஒருவரும் இல்லையா என்று கேட்டேன். மூன்றாம் வருஷம் மாமியார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவளுக்கு அவர் மகன். மகனை விட்டவளே பாடும்போது நான் எப்படிப் பாடாமல் இருப்பது?” என்றார்.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் துணைவியார் அவருடைய கையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெகு நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். வெளியே சதுர்த்தி நிலா. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பது எங்கள் வீட்டுச் சொல். நான் கதவைச் சார்த்திவிட்டேன்.

மறுநாள் பணம் எடுக்க வங்கிக் கிளைக்குப் போனேன். பழைய தொழில் அல்லவா, வரிசையைப் பார்த்தாலே கணக்கு ஓடும். நின்றவர்களில் பெரும்பாலோர் முதிய பெண்கள். கர்வாலில் வீட்டுக்கு ஒருவர் இராணுவத்துக்குப் போவது வழக்கம். ஆகவே கணவரின் படைப்பிரிவு ஓய்வூதியம் வாங்க வந்தவர் சிலர். டில்லியிலிருந்தும் டேராடூனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று கேட்க வந்தவர் பலர். இம்மாநிலத்தில் மக்கள் ஊரைவிட்டுப் போவதை ஆராய 2017-இல் அரசு ஓர் ஆணையமே அமைத்தது. சுற்றுப்புறக் கிராமங்களுக்கு நடந்தபோது மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பூட்டியிருந்தது. பூட்டில் துரு. முற்றத்தில் முழங்காலளவு புல். செதுக்கிய தேவதாரு நிலைப்படிகளில் சிலந்தி. ஊரைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதிவிட்டு வருவது நேர்மையாகாது.

ஆனால் அந்தப் பூட்டுகளில் சில நாங்கள் இருக்கும்போதே திறந்தன. தீபாவளிக்குப் பதினோராம் நாள், வளர்பிறை ஏகாதசியன்று, கர்வாலில் இகாஸ் என்று இன்னொரு தீபாவளி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் மாதோ சிங் பண்டாரி என்னும் தளபதி வடக்கெல்லையில் போருக்குப் போனாராம். தீபாவளி வந்தும் படை திரும்பவில்லை. ஊரில் ஒருவரும் விளக்கேற்றவில்லை. பதினோரு நாள் கழித்து வீரர்கள் வந்து சேர்ந்த இரவில்தான் விளக்கேற்றினார்கள். இராமர் அயோத்தி திரும்பிய செய்தி மலைக்குத் தாமதமாக வந்தது என்று காரணம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கதையானாலும் வீடு திரும்பியவருக்காகவே அந்த விளக்கு.

இப்போது மாநில அரசு அன்று விடுமுறை விடுவதால் நகரத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் வீட்டு அம்மையாரின் மகனும் டில்லியிலிருந்து மனைவியோடும் ஏழு வயதுப் பையனோடும் வந்தார். காலையில் பசுவுக்கு நெற்றியில் திலகமிட்டு, குதிரைவாலிச் சோற்று உருண்டை ஊட்டினார்கள். நம் மாட்டுப் பொங்கலேதான். அடுப்பில் பருப்பு அடைத்த பூரிகள். இருட்டியதும் ஊரார் திறந்த வெளியில் கூடினார்கள். பிசின் ஊறிய பைன் மரச் சிராய்களைக் கட்டாகக் கட்டி, கொடியில் பிணைத்து, தீ மூட்டித் தலைக்கு மேல் சுழற்றுகிறார்கள். பைலோ என்று பெயர். முரசு அதிர அதிர நெருப்பு வட்டங்கள் இருளில் எழுந்தன. எதிர்ச்சரிவிலும், மந்தாகினிக்கு அப்பால் குப்தகாசிப் பக்கத்திலும் அப்படியே சிறு சிறு சுடர்ச் சக்கரங்கள். சொக்கப்பனை பார்த்துப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. டில்லிப் பையனுக்கு முதலில் பயம். பாட்டியின் புடவைக்குப் பின்னே நின்றான். அரை மணி நேரத்தில் அவனைப் பிடித்து உள்ளே கொண்டு வருவதே பெரும்பாடாயிற்று. “தாத்தா எப்படிச் சுற்றுவார்?” என்று அவன் கேட்டதும், அந்த அம்மையார் எழுந்து வந்து, தாமே ஒரு கட்டை வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

வைணவ அன்பர்களுக்காக ஒரு சொல். பதரிநாதம் அவ்வாண்டு நவம்பர் 17-இல்தான் நடை சார்த்தியது. எல்லையோர மாணா கிராமத்துக் கன்னியர் நெய்யும் கம்பளியை நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குப் போர்த்திவிட்டுத்தான் கதவடைப்பார்கள். உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கும், ஆதிசங்கரரின் ஆசனம் ஜோஷிமடத்து நரசிங்கர் கோயிலுக்கும் இறங்கும். ஜோஷிமடமே திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி. ஊகிமடத்திலிருந்து சோப்தா வழியாக அங்கே போக மலைச்சாலை உண்டு. ஆனால் சோப்தா 2,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நாங்கள் அதைத் தவிர்த்தோம்.

போக விரும்பும் முதியவர்களுக்குச் சில குறிப்புகள். டேராடூன் விமான நிலையத்திலிருந்து ரிஷிகேசம் அருகில்தான். அன்றிரவு அங்கே தங்கிவிட்டு, விடியற்காலையில் காரில் புறப்படுங்கள். ஊகிமடம் சுமார் 180 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் எட்டு மணி நேரமாகும். டோலி வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே சேர்வது நல்லது, அன்று சாலையில் நெரிசல் மிகுதி. அந்த நாளில் போக இயலாவிட்டால் குறையில்லை. சித்திரை மாதம் சுவாமி மேலே திரும்பும் வரை ஓம்காரேசுவரத்தில் அன்றாடப் பூஜை உண்டு, கூட்டமும் இராது. மார்கழி, தையில் குளிர் கடுமை. ஐப்பசி, கார்த்திகை உடம்புக்கு ஏற்றது. ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். காதை மூடும் குல்லாய், கம்பளிக் காலுறை, வழக்கமான மருந்துகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. மருத்துவரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். கடைத்தெருவில் மலை ராஜ்மாவும் குதிரைவாலியும் நயமாகக் கிடைக்கும். திரும்பும்போது பெட்டியில் நான்கைந்து கிலோவுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.